குறையவில்லை என்று எழுதினேன்

நான் பொய் அளவு எழுதினேன். வெல்டர் காசிம் பாய் தொழிலை விட்டது அதனால்தான். நாலு வருடமாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் அலுமினியப் படகுகள் எட்டிப்பார்க்கத் தொடங்கிய காலம் அது. புதுக்கோட்டைப் பட்டறை ஒன்றில் அளவு பார்ப்பது என் வேலை. கோட்டைப்பட்டினத்துக்கு அப்படி ஒரு படகு செய்துகொண்டிருந்தோம்.

பற்றவைத்த அலுமினியம் ஆறும்போது சுருங்கப் பார்க்கும். சுற்றியுள்ள தகடு விடாது. அந்த இழுப்பு உள்ளேயே தங்கிவிடும்; அதிகமானால் பற்றவைத்த இடம் பிளக்கும். அதை அறிய, அதே மாதிரி பற்றவைத்த சோதனைத் தகட்டில் இரண்டு புள்ளி குத்தி, இடைவெளியை அளந்து, துண்டாக அறுத்து, மறுபடி அளப்போம். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு இழுப்பு.

"ஒரே மூச்சுல பத்தவைக்கக் கூடாதுங்க, விட்டு விட்டுத்தான் வைக்கணும்" என்று காசிம் பாய் மன்றாடினார். மேலாளர் சின்னையாவுக்கு அவசரம், கேட்கவில்லை. சின்னையா குளத்தூர்ப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன்.

அறுத்து அளந்தேன். இடைவெளி பயப்படும் அளவுக்குக் குறைந்திருந்தது... சின்னையா தோளில் கைபோட்டான். "குறையலைன்னு எழுதுடா. எதுன்னாலும் நான் பாத்துக்கிறேன்."

எழுதினேன். நண்பன் சொன்னானே என்று எழுதினேன்!

முதல் பயணத்திலேயே பற்றவைத்த இடம் பிளந்தது. ஆட்கள் நீந்திக் கரையேறினார்கள். முதலாளி விசாரித்தபோது சின்னையா என் முகத்தைப் பார்க்கவில்லை. "அளவு பாத்தது இவருதாங்க. எனக்கென்ன தெரியும்" என்றான்.

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை... "அளவு சரியாத்தான் இருந்துச்சு. பத்தவச்சதுலதான் கோளாறுங்க" என்றேன்.

மறுநாள் காசிம் பாய் என் மேசைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். குறிப்பேட்டை வாங்கி, என் எழுத்தை விரல் வைத்துப் படித்தார். "இழுப்பு இல்லைன்னு அளந்துட்டீங்க. அப்ப என் கைதான் சரியில்ல சார். மேனேஜரைப் போயி தப்பா நெனச்சுட்டேன்."

அன்றோடு பற்றவைக்கும் டார்ச்சைக் கீழே வைத்தார். இப்போது கோட்டைப்பட்டினத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறார். சின்னையாவைத் துரோகி என்று நான் மனத்துக்குள் ஏசாத நாளில்லை. அப்படி ஏச எனக்கு என்ன யோக்கியதை?

போன மாதம் சொல்லிவிடுவது என்றே பஸ் ஏறினேன். காசிம் பாய் தேநீர் வாங்கித் தந்தார். "யாரும் சாகலை, அதுவே போதும் சார். சாகடிச்சிருப்பேனே, இந்தக் கையால" என்றார்.

தேநீரைக் குடித்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.