கோடு விழுந்த டிவி

அந்த டிவி மெக்கானிக்கிடம் எந்த டிவியைத் தூக்கிக்கொண்டு போனாலும் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார், பிறகு "பேனல் போயிடுச்சு" என்பார், திரையே காலி என்ற அர்த்தத்தில். இருபத்திரண்டு வருஷமாக இதே கதை. அதனால் ஊரே அவரைப் பேனல் என்றுதான் கூப்பிட்டது. பெண்டாட்டிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர் வீட்டில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. முகத்தைப் பார்த்து யாரும் எதையும் பேச மாட்டார்கள். எல்லாம் டிவியைப் பார்த்தபடிதான். மகள் கணக்கில் ஃபெயிலானதை விளம்பர இடைவேளையில் சொன்னாள். தனக்கு ஆபரேஷன் என்பதை இவர் கிரிக்கெட் ஓடும்போது சொன்னார். அழுகையும் சிரிப்பும் திரையைப் பார்த்தே நடந்து முடிந்துவிடும்.

நர்ஸ் படிப்பு முடித்த மகளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தபோதும் அப்படித்தான் சொன்னாள். "வேண்டாம்" என்றார் இவர். அவ்வளவுதான். எழுந்து தன் அறைக்குப் போனவள், எட்டு மாதமாக டிவி பக்கமே வரவில்லை. அப்பாவிடம் ஒரு வார்த்தை இல்லை. எதுவானாலும் அம்மா வழியாகத்தான். அவர் பேச்சை மீறி டிக்கெட்டும் போட்டாயிற்று, அடுத்த வியாழக்கிழமை விமானம். அதற்குள் அவள் தன்னிடம் பேசிவிட வேண்டும். மனுஷனுக்கு வேறு எந்த யோசனையும் இல்லை.

அதற்காகத்தான் இந்த மூன்று நாள் மலைப்பயணம். ஒரே ஹால், ஒரே டிவி உள்ள வீடாகப் பார்த்து வாடகைக்குப் பிடித்தார். இரண்டு வாரம் உட்கார்ந்து படம் பொறுக்கினார். காலைக்குக் காமெடி, மத்தியானத்துக்குப் பேய், சாயங்காலத்துக்குப் பாட்டு. அழவைக்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது.

"மலையைப் பார்க்கப் போறோமா, உங்க பென்டிரைவைப் பார்க்கப் போறோமா?" என்றாள் பெண்டாட்டி.

"நீ சும்மா இரு. சிரிச்சான்னா பேசிடுவா."

போய்ச் சேர்ந்து டிவியைப் போட்டார். படம் பளிச்சென்று வந்தது. ஆனால் வலது ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு. வேறு யாராவது என்றால் பேசாமல் பார்த்திருப்பார்கள். இவரால் முடியுமா? சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வெளியே வந்துவிட்டது. பின்மூடியைக் கழற்றி, பட்டை வயரை லேசாக அமுக்கினார். சரக்கென்று கிழிந்தது. திரை இருண்டே போயிற்று.

வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஓடி வந்தார். "சார், நல்லா ஓடிட்டிருந்த டிவி சார் அது!"

"பேனல் போயிடுச்சு," என்றார் இவர், ஈனஸ்வரத்தில்.

பெண்டாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். எல்லாம் பாழாய்ப் போச்சே என்று நினைத்தபடி இவர் பின்மூடியைத் திருப்பி மாட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத் தானும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எதிரே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. பிறகு மேகம் மெல்ல விலகியது. அடேயப்பா! கீழே அதலபாதாளம், மேலே மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மலை. வெயில் ஒரு சரிவில் விழுந்து அடுத்த சரிவுக்கு நடந்து போனது. ஆயிரம் தடவை டிவியில் மலையைப் பார்த்திருக்கிறார், கலர் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க. இவ்வளவு பெரிசாக இருக்கும் என்று யாருமே சொல்லவில்லையே! தன்னையறியாமல் முணுமுணுத்தார்.

"பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கே."

பக்கத்தில் குபீரென்று சிரிப்பு. "அதைக் குறைக்க முடியாதுப்பா."

எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த 'அப்பா'.

மகள் மலையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்குப் போகப் பயமா இருக்குப்பா. ராத்திரியெல்லாம் தூக்கமே வரல. நீங்க வேண்டாம்னு இன்னொரு தடவை சொன்னா, நான் நின்னுடுவேன்."

ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அவர் மலையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். முகத்தை நேராகப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். நெற்றியில் ஒரு சின்னத் தழும்பு, அது எப்போது வந்ததென்றே அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவு பயத்திலும் ஒரு உறுதி. இவளையா நாம் பெற்றோம் என்று மலைத்துப் போனார்.

"போயிட்டு வாம்மா," என்றார்.