கடைசிப் பாய்

எங்கள் சபையின் சட்டதிட்டங்கள் பாஸ்டரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று அம்மா கிண்டல் செய்வாள். அப்போது எனக்கு ஒன்பது வயது. பொட்டு கூடாது, பூ கூடாது, தோடு கூடாது, சினிமா கூடாது, ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒரு தீப்பெட்டிகூட வாங்கக் கூடாது. கூடாதவற்றைச் சொல்லிக்கொண்டே போவதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பெண்கள் சடையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தால், ஐயோ பாவம், இதுகளுக்குப் பரலோகத்தில் இடமில்லையே என்று உண்மையாகவே வருத்தப்படுவேன். அந்தப் பூவை ஒரே ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் கூடவே இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கூடம்தான் எங்கள் சபை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லாரும் பாயில்தான் உட்கார வேண்டும். அப்பா சபையின் மூப்பர், பாஸ்டருக்கு அடுத்தபடி பொறுப்பு அவருக்குத்தான். மற்ற நாட்களில் தண்டலம் பக்கம் ஒரு லேத்துப் பட்டறையில் கடைசல் வேலை. இரும்பு ஒரு நூல் பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். சபைச் சட்டத்தையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தார். இன்றைக்குக் கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பறக்கிற அதே ரோட்டில், 1991இல் அவர் சைக்கிளில் வேலைக்குப் போய் வருவார்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. தாத்தாவும் பாட்டியும் போய்ச் சேர்ந்த பிறகு அப்பாதான் அவளை வளர்த்தார். எனக்குத் தலை சீவி விட்டது, பல் விழுந்தபோது பயம் தெளிய வைத்தது, இடி இடித்தால் புடவைக்குள் சுருட்டிக்கொண்டது எல்லாம் அத்தைதான். அந்த அத்தை, மணிமங்கலத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவரை, அப்பாவின் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டாள். மாமா கோயிலுக்குப் போகிறவர், எங்கள் மதமில்லை. சபையில் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. அப்படிக் கட்டிக்கொண்டவர்களுக்குத் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் கிடையாது. சபையார் யாரும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது. இதைச் சபைக்கு முன்னால் அறிவிக்க வேண்டியவர் மூப்பர். அப்பா எழுந்து நின்று, சொந்தத் தங்கையின் பெயரைச் சொல்லி, குரல் நடுங்காமல் அறிவித்தார். அன்று எனக்கு அப்பாவை நினைத்து ரொம்பப் பெருமையாக இருந்தது.

திரும்பி வர வழி இல்லாமல் இல்லை. 'நான் செய்த கல்யாணம் பாவம்' என்று அத்தை எல்லார் முன்னாலும் எழுந்து சொன்னால் போதும். அத்தை அதற்கு மட்டும் மசியவில்லை. "அண்ணன் பேச்ச மீறினது தப்புன்னு ஆயிரம் வாட்டி சொல்றேன் அண்ணி. அந்த மனுசன தப்புன்னு எந்த வாயால சொல்றது?" என்று அம்மாவிடம் கேட்டாளாம்.

ஆனாலும் அத்தை சபைக்கு வராமல் இருக்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, தாம்பரத்திலிருந்து பாஸ்டர் வந்து திருவிருந்து கொடுக்கும் நாளாகப் பார்த்து வருவாள். மாமா மொபெட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அத்தை கதவோரம் கடைசிப் பாயில் தனியாக உட்காருவாள். அப்பா அப்பத் தட்டை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாக வருவார். கடைசிப் பாய்க்கு முந்தின பாயோடு திரும்பிவிடுவார். ஆராதனை முடிந்ததும் வாசலில், "தோத்திரம்மா" என்பார். "தோத்திரம்ணா" என்பாள் அவள். அவ்வளவுதான் பேச்சு. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தை மொபெட்டில் ஏறிப் போவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். சட்டம் சரி, அத்தையும் வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும்.

அந்த வருடம் அத்தை உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது ஊர் வழக்கம். அவளுக்குத் தாய்வீடு என்று இருந்தது எங்கள் வீடு ஒன்றுதான். குழந்தை எங்கள் வீட்டில் பிறக்கும், தொட்டிலை நான்தான் ஆட்டுவேன் என்று நான் பாட்டுக்கு முடிவு கட்டியிருந்தேன். அம்மாவிடம் கேட்டால் "அப்பாவ கேளு" என்பாள். அப்பாவிடம் கேட்கும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

ஐப்பசி மாதத்தில் ஒரு முதல் ஞாயிறு, ஆராதனை நடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கூரையில் விழுந்த சத்தத்தில் பிரசங்கத்தில் பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதி கீழ்ப்படிதலைப் பற்றி. முடிந்து வெளியே வந்தால், மணிமங்கலம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகப் பாய்கிறது, ரோட்டில் முட்டளவு தண்ணீர், வண்டி போகாது என்று சொன்னார்கள். சபையார் குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். அத்தை ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றாள். மாமா தொப்பலாக நனைந்து பக்கத்தில் நின்றார்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார். பிறகு மாமாவிடம், "மாப்ள, வண்டி இங்கயே இருக்கட்டும். வூட்டுக்கு வாங்க" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் மாமாவோடு பேசிய முதல் பேச்சு அது. அம்மா என் கையை இறுக்கியதில் எனக்கு வலித்தது.

இதில் ஒரு சிக்கல். முதல் ஞாயிறு பாஸ்டருக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். நாங்கள் வீடு சேரும்போது அவர் ஏற்கெனவே தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். கறிக்குழம்பு மணந்துகொண்டிருந்தது. அப்பா உள்ளே வந்து, எதிரே இன்னொரு பாயை விரித்து, இரண்டு இலை போட்டு, "உக்காருங்க" என்றார்.

"இன்னா மூப்பரே இது?" என்றார் பாஸ்டர்.

"கூட உக்காந்து சாப்புடக் கூடாதுன்னுதானே ஐயா சட்டம்? நான் உக்காரல. போடறேன், அவ்ளோதான்."

பரிமாறக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்த அத்தனையையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இல்லை. பாஸ்டரும் ஓட்டிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. தட்டைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய், கட்டிலில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளைகளை அந்தச் சட்டம் கட்டாது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, அத்தையை ஒட்டி உட்கார்ந்தேன். தேங்காய் எண்ணெய் வாசனை, ஈரப் புடவை, அவள் இடுப்புச் சூடு. அதற்காக எத்தனை மாதமாக ஏங்கியிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அப்பா முதலில் மாமாவுக்குப் போட்டார். அப்புறம் சட்டியைத் துழாவி, ஈரல் துண்டுகளாகப் பார்த்து எடுத்து அத்தையின் இலையில் வைத்தார். அவளுக்கு ஈரல் பிடிக்கும்.

"நீயும் உக்காருண்ணா. நீ நின்னுகினு இருந்தா எனுக்கு எறங்காது."

"எறங்கும். உள்ள ஒண்ணு பசியோட கீது பாரு. சாப்புடு."

அத்தை அழுதுகொண்டே சாப்பிட்டாள். கண்ணைத் துடைக்கவும் இல்லை, சாப்பிடுவதை நிறுத்தவும் இல்லை. சோறு தீரத் தீர அப்பா போட்டுக்கொண்டே இருந்தார். சாயங்காலம் தண்ணீர் வடிந்து அவர்கள் புறப்பட்ட பிறகு அம்மா அவருக்குத் தட்டு வைத்தாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அப்பாவுக்கு ஏதோ கோபம் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு அத்தை மறுபடி வந்தாள். எழுந்திருக்கவும் உட்காரவும் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. பிரசவத்துக்கு முன்னால் இனி வர முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். நான் கேட்காமலேயே கடைசிப் பாய்க்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா தடுக்கவில்லை.

அப்பா தட்டோடு வந்தார். முந்தின பாயில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வழக்கம்போலத் திரும்பாமல், இன்னும் இரண்டடி வைத்து எங்கள் முன்னால் வந்து நின்றார். கூடத்தின் முன்பக்கம் பாஸ்டர் கண்ணை மூடிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். அப்பா குனிந்து தட்டை அத்தையிடம் நீட்டினார்.

"எடுத்துக்கம்மா."

அத்தை அந்த அப்பத் துண்டுகளைப் பார்த்தாள். சாப்பிடும் பொருள் ஒன்றை யாரும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு தட்டின் விளிம்பில் விரலை வைத்து மெல்லத் தள்ளினாள்.

"வேணாண்ணா. அப்புறம் உன்னையும் இந்தப் பாய்ல கொண்டாந்து உக்கார வெச்சுடுவாங்க."

அப்பா நிமிர்ந்து, தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு திரும்பிப் போனார். அத்தை முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் பாயைப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்தது போக நிறைய இடம் மிச்சமிருந்தது. அப்பா இங்கே வந்துவிட்டால் அம்மாவும் வந்துவிடுவாள், எல்லாரும் ஒன்றாக உட்காரலாம், ஒன்றாக வீட்டுக்குப் போய் ஒன்றாகச் சாப்பிடலாம். இவ்வளவு நல்ல காரியத்தை அத்தை ஏன் வேண்டாம் என்றாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.