தகரத்தில் மழை, வேறொருத்தியின் குரல்

தகரக் கூரையில் மழை. முதலில் நாலைந்து துளிகள், யாரோ கூரைமேல் கடலைக்கொட்டை எறிவதுபோல, பிறகு ஒரேயடியாக. வெளியே கண்டி நகரம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. தேநீர்க்கடையில் பக்கத்து மேசைக்காரரின் கைபேசியிலிருந்து வருகிறது அந்த மழை. எட்டிப் பார்க்காமலே சொல்வேன்: வத்தேகமச் சந்தை, மரக்கறிப் பக்கம், பல வருடங்களுக்கு முன் பெய்து முடிந்த மழை.

அந்தத் தொலைக்காட்சி நாடகத்தை யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். கீழே ஆட்கள் எழுதித் தள்ளுகிறார்கள். கண்டியை அப்படியே காட்டிய ஒரே தமிழ் நாடகமாம். மூடுபனிகூட மணக்கிறதாம். ஒருவர் லண்டனிலிருந்து பார்த்து அழுதாராம். அழட்டும். மூடுபனி உண்மை. வாவிக்கரை மரங்களை வெள்ளையடித்து வைத்திருக்கும் நீர்க்காகங்கள் உண்மை. ஈரக்குடையை உதறியபடி கடைக்குள் நுழைபவர்களின் முகச்சுளிப்பு உண்மை. ஐந்தாம் பகுதியில் மரக்கறி விற்கும் பெண் ஒருத்தி வாய் திறப்பாள். அவள் என் அக்கா. வருவது அவள் குரல் இல்லை. மாற்றியவன் நான்.

அப்போது நான் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். சிறுபத்திரிகைகளில் கவிதை எழுதுகிறவன் என்ற சின்னப் பெயரும் இருந்தது. இயக்குநர் வடக்கில் பிறந்து கொழும்பில் வாழ்ந்தவர். மலையகப் பேச்சுக்கு உதவ என்னைக் கூப்பிட்டார். செட்டுப் போடுவது அவருக்குப் பிடிக்காது. சந்தைக் காட்சியைச் சந்தையில்தான் எடுப்பேன் என்றார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து என்னைக் கண்டியில் படிக்கவைத்த அக்கா, அந்தச் சந்தையில்தான் மரக்கறி விற்றுக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் அவர் வேறு யாரையும் தேடவில்லை.

நாடகத்தில், இனக்கலவரத்துக்குப் பிறகு ஊர் திரும்புகிற ஒருவன் தன் வீட்டைத் தேடுகிறான். மரக்கறிக்காரி அவனை அடையாளம் காண்கிறாள். எழுதப்பட்டிருந்தது ஒரே வரி. "நீங்கள் உங்கட பாட்டுக்குச் சொல்லுங்கோ அக்கா" என்றார் இயக்குநர்.

அக்கா கையிலிருந்த முட்டைக்கோவாவைக் கீழே வைத்தாள்.

"வாங்கய்யா, இப்பதான் வழி தெரிஞ்சுச்சா? ஒங்க வூடு போயிருச்சு. கதவு மட்டும் நின்னுச்சு. செவரு இல்ல, கூர இல்ல. நா அந்தக் கதவத் தொறந்துதான் உள்ள போனேன். சுத்திப் போயிருக்கலாம். போகத் தோணல."

அது எங்கள் வீடு. எரிந்த நாளில் நான் அவள் இடுப்பில் இருந்தேன். கதவைப் பற்றி அவள் என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. கமெராவுக்கு முன்னால், அந்நியன் ஒருவனிடம் சொன்னாள். நான் பக்கத்தில் வசனத்தாளோடு நின்றேன்.

பிறகு ஒலிப்பதிவாளர் கையை உயர்த்தினார். சிங்களவர், நிதானமான மனிதர். காட்சி முடிந்ததும் அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பிடித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். பின்னால் ஒட்டுப்போட உதவும். "ஒரு நிமிசம், யாரும் பேச வேணாம்" என்றார்.

"மூச்சு விடலாமா சேர்?" என்றாள் தேசிக்காய்க்காரி.

"அவ மூச்சு விட்டா மெசினு வெடிச்சிரும், நிப்பாட்டச் சொல்லுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மூன்றாம் தடவைதான் சந்தை அடங்கியது. மழை மட்டும் பேசியது. அக்கா வாயை இறுக மூடி, பள்ளிப்பிள்ளை மாதிரி கைகட்டி நின்றாள்.

கொழும்பில் படத்தொகுப்பு அறையில் இயக்குநர் அந்தக் காட்சியை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. எல்லாச் சனத்துக்கும் விளங்குமோ?" என்று கேட்டார். கேள்விதான் கேட்டார். விளங்கும் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

"தோட்டத்துப் பேச்சு சேர். கொஞ்சம் திருத்தி வேற கொரல்ல போட்டுரலாம்" என்றேன்.

"அப்பிடியே? நீங்கள் சொன்னாச் சரி."

அலுவலகத்தில் என் பேச்சை எனக்கே நடித்துக் காட்டிச் சிரித்தவர்கள் இருந்தார்கள். வருடக்கணக்காக நாக்கைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கியிருந்தேன். அக்காவைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களே என்று பயந்ததாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவள் யாருடைய அக்கா என்று தெரிந்துவிடுமே என்பதுதான் பயம்.

நானே எழுதினேன்: "ஐயா, தங்கள் இல்லம் தீக்கிரையாகிவிட்டது. கதவு மாத்திரமே எஞ்சியது." வானொலியில் பேசுகிற ஓர் அம்மா வந்து பத்து நிமிடத்தில் பேசி முடித்தார். "வசனம் வடிவா இருக்குத் தம்பி" என்றார். அக்காவின் குரலை வழித்தெடுத்த இடத்தில் அந்த ஒரு நிமிட மழையைப் பரப்பினார்கள். என் வசனம் முடிந்த பிறகும் அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. அதை மறைக்கத் தக்காளிகளைக் காட்டினார்கள். அந்தத் தக்காளிகளையும் இணையத்தில் புகழ்ந்திருக்கிறார்கள்.

ஒளிபரப்பான ஞாயிறு மாலை அக்கா வீட்டில் உட்கார இடமில்லை. இரவல் கதிரைகள், வாசலில் செருப்புக் குவியல். அவள் தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தாள் என்று எழுதத் தோன்றுகிறது. இல்லை, சந்தைக்குக் கட்டுகிற அதே சேலைதான். திரையில் வரப்போகும் பெண்ணுடன் ஒத்துப்போக வேண்டுமாம்.

வாய் திறந்தது. இல்லம் தீக்கிரையானது.

முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு பக்கத்து வீட்டுக்காரி தொடையில் தட்டிச் சிரித்தாள்: "ஏன்டி, கொழும்புத் தொண்டைய எப்ப வாங்குன? சொல்லவே இல்ல?"

"நாளைக்கு இந்தக் கொரல்லதான் கறிமொளகா விப்பா, பாரேன்."

அறை குலுங்கியது. அக்காவும் சிரித்தாள். சிரித்தபடியே எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். நாடகம் முடியும்வரை குசினியிலிருந்து வரவில்லை. கதவைப் பற்றி அவள் பேசியது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

என்னை அனுப்பிவைக்க பஸ் நிற்கும் இடம் வரை வந்தாள். நின்ற பிறகு கேட்டாள்.

"அந்தம்மா யாரு?"

"ரேடியோவில பேசுறவங்க."

"நல்லா பேசுது." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "அப்ப நா பேசுனது எங்க?"

"அழிச்சிருப்பாங்கக்கா."

"யாரு மாத்துனது?"

"அவங்கதான். கொழும்புல."

கண்டி பஸ் வளைவில் திரும்பி வந்து நின்றது. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்த்தாள்.

"நீயும் அங்கதான இருந்த?"

"இருந்தேன்."

"சரி, ஏறு. ஒனக்காக நிக்கவா போறான்."