பத்து நிமிஷக்காரி

மலையூரின் பேருந்து நிலையத்தில் இறங்கினால் வெந்நீர்க் குளியலிடத்துக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டாம். கந்தக வாடையே கூட்டிப் போய்விடும். பெண்கள் பக்கத்தில் இரண்டு தொட்டிகள். பாறையிலிருந்து வரும் தண்ணீர் கை வைக்க முடியாத சூடு. அதில் ஓடைத் தண்ணீரைக் கலந்து உடம்பு தாங்கும் பதத்துக்குக் கொண்டுவருவதும், குளிப்பவர்களைக் கவனித்துக்கொள்வதும் ஒரு பெண்மணியின் வேலை. வயது ஐம்பத்திரண்டு. ஊருக்குள் பத்து நிமிஷக்காரி என்று சொன்னால்தான் தெரியும்.

இந்த வேலைக்கு வருமுன் பதினோரு வருஷம் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். கணவர் மலைப்பாதை பஸ்ஸில் கண்டக்டர். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. குளியலிடத்தில் சேர்ந்த முதல் மாதம், ஒருநாள் கூட்டம் போனபிறகு தானும் தொட்டியில் இறங்கி அரைமணி நேரம் சுகமாக உட்கார்ந்திருக்கிறார். எழுந்து நின்றதும் கண் இருட்டியது. படியில் விழுந்து முன்பல் பாதி உடைந்தது. மறுநாளிலிருந்து யார் இறங்கினாலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். பத்து நிமிஷம் ஆனதும் தொட்டி ஓரத்தில் நின்று குரல் கொடுப்பார்.

"வீட்டுலயும் இப்படித்தான். நான் குளிக்கப் போனாலும் கதவைத் தட்டுவா" என்று கண்டக்டர் பஸ்ஸில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

பதினான்கு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு விடுமுறை நாளில் சுற்றுலா பஸ்ஸில் வந்த ஒரு அம்மாள், தன் நாத்தனார்கள் இரண்டு பேரோடு தொட்டியில் இறங்கினார். நேரம் ஆனது.

"அம்மா, பத்து நிமிஷம் ஆச்சு. ஏறிக் கொஞ்சம் உக்காந்துட்டு மறுபடி இறங்குங்க."

"ஆறு மணி நேரம் பஸ்ல குலுங்கி வந்திருக்கோம். பத்து நிமிஷத்துல ஏறணுமா?"

"விட்டு விட்டுத்தான் உக்காரணும்மா. இல்லன்னா தலை சுத்தும்."

"நீ என்ன டாக்டரா?"

"இல்லம்மா. விழுந்தவ."

உடைந்த பல்லைக் காட்டித்தான் சொன்னார். நாத்தனார் ஒருத்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்த அம்மாளுக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. நாத்தனார்கள் முன்னால் தன்னைக் கேலி செய்ததாக இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மேனேஜர் புதிதாக வந்தவர், மரியாதையான மனிதர். மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார்.

"அக்கா, வர்றவங்க நிம்மதியா இருக்க வர்றாங்க. நீங்க பரீட்சை ஹால் மாதிரி நேரம் சொல்றீங்க. கொஞ்ச நாள் செருப்பு ஸ்டாண்டைப் பாத்துக்கங்க."

உள்ளே அவர் இடத்துக்கு, அலுவலகத்தில் ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் வந்தாள். நேரம் சொல்லக் கூடாது என்பது அவளுக்கு இடப்பட்ட உத்தரவு. அதற்குப் பதில், பத்து நிமிஷத்துக்கு மேல் இருக்க வேண்டாம் என்று ஒரு போர்டு எழுதி மாட்டினார்கள். இரண்டே நாளில் நீராவி பட்டு எழுத்து மங்கிவிட்டது.

"செருப்பு எதிர்த்துப் பேசாது, புகாரும் எழுதாது. நிம்மதியா இரு" என்றார் கண்டக்டர். இவருக்குச் சிரிப்பு வந்ததே தவிர, சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை. தனியாக ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கேன்வாஸ் ஷூவைக் கழற்றிக் கொடுத்து முப்பத்தொன்றாம் நம்பர் வில்லையை வாங்கிக்கொண்டார்.

"சாப்டீங்களா?"

"இல்லக்கா. பஸ்ஸை விட்டு நேரா இங்கதான் வர்றேன். குளிச்சிட்டுச் சாப்பிட்டுக்கறேன்."

"வெறும் வயித்தோட ரொம்ப நேரம் இருக்காதீங்க."

"சும்மா நனைஞ்சிட்டு வந்துடுவேன்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

அவருக்குப் பின்னால் போன ஏழெட்டுப் பேர் திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முப்பத்தொன்றாம் தட்டில் ஷூ அப்படியே இருந்தது. இவர் கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்தைந்து நிமிஷம். ஸ்டாண்டை விட்டு வெளியே வந்தார். வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். வரிசையில் நாலு பேர் காத்திருந்தார்கள்.

"எங்கக்கா போறீங்க?"

"முப்பத்தொண்ணு இன்னும் வரல சார்."

"குளிக்கறாங்கன்னா குளிக்கட்டுமே. ஸ்டாண்டை யார் பாக்கறது?"

"நீங்க பாருங்க."

சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். வரிசையில் முதலில் நின்றவர் தன் செருப்பை மேனேஜரிடம் நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார்.

உள்ளே ஒரே நீராவி. புதுப் பெண் தூரத்துத் தொட்டியில், இறுகிப்போன குழாய்த் திருகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வாசலை ஒட்டிய தொட்டியில் இரண்டு பேர் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, அதன் மூலையில் அந்தப் பெண் சுவரில் சாய்ந்திருந்தார். பார்ப்பவர்களுக்குக் கண்ணயர்ந்தது போலத்தான் தெரியும். ஆனால் உதடு வெளுத்திருந்தது. தாடை தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இவர் உடுத்தியிருந்த துணியோடு இறங்கி, அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கினார். "காலைப் பிடிங்கம்மா! வாய் பாத்துட்டு நிக்காதீங்க!" என்று ஒரு சத்தம் போட, பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரும் எழுந்து வந்தார்கள். பெஞ்சில் கிடத்தி, காலைக் கவிழ்த்த வாளிமேல் உயர்த்தி வைத்து, ஓடைத் தண்ணீரில் நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டார். யாரோ குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

"இப்ப வேண்டாம். புரையேறிடும். கண்ணு முழிக்கட்டும்."

இரண்டு நிமிஷம் கழித்து அந்தப் பெண் கண்ணைத் திறந்தார்.

"என் பை..."

"பை எங்கயும் போகாது. உங்க பேர் என்ன, சொல்லுங்க."

பேர் சொன்னார். ஊரையும் சொன்னார். கேட்காமலே போன் நம்பரையும் ஒப்பித்தார். அதன் பிறகுதான் இவருக்கு மூச்சு வந்தது. சர்க்கரை கரைத்த தண்ணீரை மெதுவாகக் குடிக்க வைத்தார். கிளினிக்கிலிருந்து வந்த டாக்டர் நாடி பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா தலை உள்ள போயிருக்கும்" என்று மேனேஜர் காதுபடச் சொன்னார்.

அந்தப் பெண்ணுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனியாகப் பயணம் வந்தவராம். அன்று பகல் முழுக்கப் பத்து நிமிஷக்காரியின் வீட்டில்தான் படுத்திருந்தார். சாயங்காலம் கண்டக்டர் தன் பஸ்ஸிலேயே முன் சீட்டில் உட்காரவைத்து அழைத்துப் போனார்.

மேனேஜர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் வந்து, "நாளையிலேர்ந்து உள்ள வந்துடுங்கக்கா" என்றார்.

"தனியா வரமாட்டேன் சார். ரெண்டு தொட்டிக்கு ரெண்டு பேர் வேணும். அந்தத் திருகையும் மாத்தணும்."

யோசித்துச் சொல்வதாகப் போனவர், ஒரு வாரம் கழித்துச் சரி என்றார்.

புதுப் பெண்தான் தேம்பித் தேம்பி அழுதாள். "என்னாலதான்க்கா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ரெண்டு கண்ணை வெச்சுக்கிட்டு எத்தனை பக்கம்டி பாப்ப? மூக்கைச் சிந்திட்டு வா."

இப்போது தொட்டிக்கு ஒருவராக நிற்கிறார்கள். புதுப் பெண் குரல் கொடுப்பதில்லை. தொட்டி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொருவர் காதிலும் மெதுவாகச் சொல்கிறாள். எல்லாரும் மறுபேச்சு இல்லாமல் ஏறிவிடுகிறார்கள். இவருக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான், மறைப்பதும் இல்லை.

"அவ சொன்னா கேக்கறாங்க. நான் சொன்னா சண்டைக்கு வர்றாங்க. என் தொண்டை அப்படி" என்று சொல்லிவிட்டு, முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டுச் சூடு பார்க்கப் போனார்.