மாதலேன் புளுகாத ஒரே கனவு

1949. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாம். சைகோன் மருந்துக்கூடத்தின் பெரிய டாக்டர் பிரெஞ்சுக்காரர். கனவுப் பித்து தலைக்கேறியவர். கண் பார்த்தும் மனம் ஒப்புக்கொள்ளாததைக் கனவு காட்டிக்கொடுக்கும், விஞ்ஞானிக்கு அதுவே பாதி வழி என்பார். காலையில் எல்லோரும் அவரிடம் கனவு ஒப்பிக்க வேண்டும். அங்கே வேலை பார்த்த காரைக்கால் மாதலேன் எட்டு வருஷமாகப் புளுகுமூட்டையைத்தான் அவிழ்த்தாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் அல்லவா!

அந்தப் பிப்ரவரியில் தொண்டை அடைப்பான் தடுப்பு மருந்து நாற்பது பெட்டி கெட்டது. சீராகக் கலங்கியிருக்க வேண்டிய மருந்து செதில் செதிலாக அடியில் படிந்தது. நாசவேலை என்று, அவளோடு கூட வேலை பார்த்த வியட்நாமியன் குவாங்கைப் போலீஸ் கொண்டுபோனது. மாதலேனின் புருஷன் இக்னாஸ் அந்தப் போலீஸ் ஆபீசில்தான் எழுத்தர்.

"வெள்ளிக்கிழமை கப்பல்ல தீவு ஜெயிலுக்கு ஏத்திடுவாங்க. போனவன் திரும்பறதில்ல" என்றான்.

புதன் விடியற்காலை மாதலேனுக்கு நிஜமாகவே கனவு வந்தது. கஞ்சியில் உப்பை அள்ளி அள்ளிப் போடுகிறாள், கஞ்சி திரிகிறது, அதைக் குவாங் குடிக்கிறான். விழித்தவளுக்கு அந்த உப்பு நினைவுக்கு வந்தது. ஊரடங்கில் ஐஸ் வண்டி வராத அன்று, மருந்துப் பெட்டிகளைச் சுற்றி இருந்த ஐஸில் குளிர் கூடட்டும் என்று உப்பைத் தூவியவள் அவளேதான். நல்லது செய்த நினைப்பில் அதை மறந்தும் போயிருந்தாள்.

டாக்டரிடம் கனவைச் சொன்னாள். உப்பு என்றால் கண்ணீர், கஞ்சி என்றால் தாய் என்றார் அவர். அட மகராசனே! ஊரார் கனவையெல்லாம் பிரித்து மேய்ந்தவருக்குக் கண் முன்னால் இருந்தது தெரியவில்லை.

அவள் வாதாடவில்லை. நல்ல மருந்து இரண்டு குப்பி எடுத்தாள். ஒன்றை வெறும் ஐஸிலும், மற்றதை உப்புப் போட்ட ஐஸிலும் புதைத்தாள். மதியம் எடுத்தபோது உப்பில் கிடந்தது உறைந்துபோயிருந்தது; உருகவிட்டாள். அது மட்டும் செதிலாகப் படிந்தது. இரண்டையும் டாக்டர் மேசையில் வைத்து, உப்பைப் போட்டது தான்தான் என்றாள்.

அவர் இரண்டு குப்பியையும் குலுக்கிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ காரைக்கால்காரி, பிரெஞ்சுப் பிரஜை. அவன் அப்படியில்லை. பேசாமல் இருந்தால் உனக்கு ஒன்றும் வராது" என்றார்.

பேசாமல் போய்விடலாம் என்றுதான் மாதலேனுக்கு முதலில் தோன்றியது. வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"நான்தான் உப்பப் போட்டேன்னு எழுதிக்குங்க தொரை. கையெழுத்துப் போடுறேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இக்னாஸ் வீட்டுக்கு வந்து, காலில் போட்ட சப்பாத்தைக் கழற்றாமல் நின்றான்.

"குவாங்க விட்டுட்டாங்க" என்றான். சற்றுப் பொறுத்து, "உனக்குச் சம்மன் வந்திருக்கு. நான்தான் எழுதினேன்" என்றான்.

"எத்தன மணிக்கு உங்க ஆபீசுக்கு வரணும்?" என்று கேட்டாள் மாதலேன்.