வீடு கேட்கப் போன கூட்டம்

ஒருவரைக் கண்டால் எந்த வருடம் வந்தவர், என்ன விசா, வீடு சொந்தமா வாடகையா, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம் என்று நாலு கேள்வியில் அவருடைய வாழ்க்கையை அளந்துவிடும் வல்லமை வெளிநாடு வந்த எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களுக்கு உண்டு. எனக்கு அது கொஞ்சம் கூடவே உண்டு. "உமக்கு சிஐடியில வேலை குடுத்திருக்க வேணும்" என்று என் கணவர் சொல்வார். சொல்லட்டும். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், நான் விசாரித்து வந்த கதைகளை முதலில் கேட்பவரும் அவர்தான்.

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில், குறடும் சுத்தியலும் செய்கிற ஒரு தொழிற்சாலையில் எனக்குப் பெட்டியடைக்கிற வேலை. யூரோ புதிதாக வந்து, விலை கேட்கும்போதெல்லாம் மனதுக்குள் பழைய மார்க்காக மாற்றிப் பார்த்துத் திகைத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு குரோஷியாக்காரர். தொங்கு மீசை, பெரிய வயிறு, அதைவிடப் பெரிய குரல். பெட்டிகளைத் தூக்கும் வண்டியை ஓட்டியவர் ஒரு சூடான்காரர். ஒல்லியாக, நெடுநெடு என்று, எப்போதும் தோய்த்து மினுக்கிய சட்டையோடு வருவார். நான் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று வேலை செய்தேன். அளக்கிற குணம் உள்ளவளுக்கு வேறென்ன வேண்டும்?

குரோஷியாக்காரர் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இளம் வயதில் இங்கே வந்தபோது அவர் யூகோஸ்லாவியர். இடையில் நாடு உடைந்து, இருந்த இடத்தில் இருந்தபடியே குரோஷியர் ஆகிவிட்டார். கடற்கரை ஊரில் அவருக்கு ஒரு வீடு, ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டிருந்தது. மகள் வங்கியில் வேலை. மகன் மாபிள் பதிக்கும் தொழிலைச் சொந்தமாக நடத்தினான். அவருடைய ஆட்களில் பாதிப்பேர் இப்படித்தான்; ஒருவருக்கு வேலை வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு இறைச்சி வாட்டுகிற இடத்தில் சொன்னால் போதும், திங்கட்கிழமை வேலை இருக்கும்.

சூடான்காரர் கார்ட்டூமில் பல்கலைக்கழகம் போய்ப் படித்த நில அளவைப் பொறியியலாளர். அவருடைய நண்பர்களும் அப்படித்தான். ஒருவர் கணித ஆசிரியர், இங்கே டாக்சி ஓட்டினார். இன்னொருவர் டாக்டர், படித்த படிப்பை இங்கே திரும்பப் படித்து இப்போதுதான் ஒரு மருத்துவமனையில் நுழைந்திருந்தார். கூடினால் அரசியல் பேசினார்கள், வாய்விட்டுச் சிரித்தார்கள், தேநீரைச் சீனிப்பாணியாகக் குடித்தார்கள். ஒருவருக்கும் சொந்த வீடு இல்லை.

இதை வைத்து இடைவேளையில் பெரிய வாக்குவாதம் நடக்கும். நாங்கள் பேசியதெல்லாம் ஜெர்மன். எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் சொல்வோம். ஆனால் எனக்கு அந்தப் பேச்செல்லாம் தமிழில்தான் நினைவில் நிற்கிறது, தமிழில் நினைக்கும்போது மரியாதையும் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

"நாங்கள் கையை நம்பி வந்தம். இவை சேர்ட்டிபிக்கேட்டை நம்பி வந்தவை. அதுதான் வித்தியாசம்" என்பார் குரோஷியாக்காரர், வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு.

சூடான்காரர் கோபப்படவே மாட்டார். அவித்த அவரைக்கொட்டையில் நல்லெண்ணெய் விட்டுக் கொண்டுவந்திருப்பார். அந்தப் பாத்திரத்தை மேசை நடுவில் தள்ளி, "முதல்ல சாப்பிடுங்கோ அண்ணை, பிறகு என்னைப் பேசலாம்" என்பார். தனியாக ஒரு வாய் வைக்க அந்த மனிதருக்குத் தெரியாது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அவர் வண்டியை ஓட்டுவது கையால் இல்லாமல் சேர்ட்டிபிக்கேட்டாலா? கேட்டேன். "உனக்கு வாய் நீளம்" என்று குரோஷியாக்காரர் சம்பல் வைத்த என் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக்கொண்டார். சம்பல் உறைத்து அவருக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது, நான் ஆறுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை பகிடிக்கு நடுவிலும் சூடான்காரருக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் கார்ட்டூமில். சின்னவள் அவர் புறப்பட்ட பிறகு பிறந்தவள், அவளை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். வேலை இருக்கிறது, விசா இருக்கிறது. ஆனால் குடும்பத்தைக் கூப்பிட வேண்டுமென்றால் எல்லோருக்கும் போதுமான இடமுள்ள வீட்டைக் காட்டு என்றது வெளிநாட்டவர் அலுவலகம். அவர் இருந்ததோ ஒற்றை அறை. வீடு தேடித் தொலைபேசி எடுப்பார். அவருடைய உச்சரிப்பைக் கேட்டதும் அந்த வீடு "இப்பதான் போச்சுது" என்பார்கள். வுப்பர்டால் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் அவர் எடுப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால்தான் வீட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்!

அப்போதுதான் குரோஷியாக்காரர் ஒரு செய்தி கொண்டுவந்தார். அவர் குடியிருந்த கட்டடத்தில் மூன்றாம் மாடி வீடு காலியாகிறது. மூன்று அறை. வீட்டுக்காரம்மா கீழ்த்தளத்தில் தனியாக இருந்த வயதான விதவை. அந்தக் கட்டடத்தின் பல்பு மாற்றுவது, பனி வழிப்பது எல்லாம் குரோஷியாக்காரரின் வேலை. "அமைதியான குடும்பம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். சனிக்கிழமை பதினொரு மணிக்கு வீடு பார்க்க வா. நேரத்துக்கு வா. சப்பாத்தைத் துடைச்சுக்கொண்டு வா" என்றார்.

தனியாக வா என்று சொல்லவில்லை. அதையும் சொல்ல வேண்டும் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

சூடான்காரர் என்னிடம் வந்தார். அவர்கள் ஊரில் பெரிய காரியம் கேட்கப் போகிறவன் தன் வாயால் கேட்க மாட்டானாம். அவனுக்காகப் பேச மதிப்பான மனிதர்கள் போவார்கள். எத்தனை பேர் போகிறார்களோ அத்தனை மரியாதை, கேட்கப்படுகிறவருக்கு. "நீங்களும் உங்கட மனுசனும் வருவியளோ?" என்று கேட்டார். எனக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகத்தான் பட்டது. பெண் கேட்கப் போகும்போது மாப்பிள்ளையா போய் வாய் திறக்கிறான்?

சனிக்கிழமை நான் பட்டுச்சேலை உடுத்தேன்.

"இஞ்சேரும், வீடு பாக்கப் போறமோ கலியாணத்துக்குப் போறமோ?" என்றார் கணவர்.

"நீங்கள் பேசாமல் கோட்டைப் போடுங்கோ."

ஆற்றுக்கு மேலே ஓடும் தொங்கு ரயிலில் இருந்து இறங்கி, வுப்பர்டாலில் எங்கே போனாலும் ஏற வேண்டிய படிகளில் ஏறி, அந்தத் தெருவுக்கு வந்தால், வாசலில் சூடான்காரரின் ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். டாக்டரும் கணித ஆசிரியரும் கோட்டும் சூட்டும். மூத்தவர்கள் கால்வரை நீண்ட வெள்ளை அங்கி, தலையில் பெரிய வெள்ளைத் தலைப்பாகை. அப்படியொரு அழகான கூட்டத்தை அந்தத் தெரு கண்டிருக்காது. எதிர்வீட்டுச் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

வீட்டுக்காரம்மா கதவைத் திறந்தார். கதவில் வைத்த கை வைத்தபடியே நின்றது.

எல்லோரிலும் உயரமான பெரியவர் முன்னால் வந்தார். நெஞ்சில் கை வைத்து, வீட்டுக்காரம்மாவின் சுகம் கேட்டார். பிறகு பிள்ளைகளின் சுகம். பிறகு கணவரின் சுகம். கணவர் இறந்துவிட்டார் என்றதும் எப்போது, என்ன வருத்தம் வந்து என்று கேட்டு, அவருக்காக ஒரு பிரார்த்தனையும் சொன்னார். பின்னால் நின்ற எல்லோரும் அவர்கள் முறைப்படி ஆமீன் சொன்னோம், கத்தோலிக்கர்களான நாங்களும் சேர்த்துத்தான். வீடு என்ற சொல் இன்னும் வரவில்லை.

"மன்னிக்க வேணும், ஆருக்கு வீடு?" என்றார் அந்த அம்மா.

எல்லோரும் திரும்பிக் கடைசியில் நின்றவரைக் காட்டினோம். சூடான்காரர் முறைப்படி தலையைக் குனிந்துகொண்டு ஒரு சொல்லும் பேசாமல் நின்றார்.

"இத்தனை பேருமோ இருக்கப் போறது?"

அந்த நேரம் பார்த்துக் குரோஷியாக்காரர் வாளியும் தரை கூட்டும் தும்புத்தடியுமாகப் படியில் இறங்கி வந்தார். எங்களைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் வீட்டுக்காரம்மா, "நான் ஒரு சின்னக் குடும்பம் எண்டுதான் நினைச்சனான்" என்று மெதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். சிரிப்பு அப்படியே செத்துப் போயிற்று. சூடான்காரரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

குரோஷியாக்காரர் தெருவுக்கு வந்து கத்தினார். "விசரோ உங்களுக்கு? வீடு பாக்க ஊர்வலமோ வாறது? முப்பது வருசமா இந்த ஊரில இருக்கிறன். ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு ஒரு கதவையும் நான் தட்டினதில்லை!"

எனக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. பட்டுச்சேலையோடு நடுத்தெருவில் நின்று கேட்டேன். "நீங்கள் வந்த நாள் ஆர் உங்களுக்காகப் பேசினது? சொல்லுங்கோ பாப்பம்!"

"ஒருத்தரும் இல்லை. ஸ்டேசனுக்குத் தொழிற்சாலை பஸ் வந்தது. ஏறினம்."

"எங்க கொண்டுபோய் விட்டது?"

"விடுதியில. கட்டில் போட்டு வைச்சிருந்தவை."

"வேலை?"

"வேலைக்கு ஊரிலயே கையெழுத்து வைச்சாச்சு."

"அப்ப அந்த பஸ்தான் உங்கட பெரிய மனிசர்! உங்களைக் கூப்பிட்டு, கட்டில் போட்டு வைச்சுக் கூட்டிக்கொண்டு போனவை. இவர் கதவைத் தட்டினால் ஏன் வந்தனி எண்டு கேக்கினம். இவருக்கு பஸ் வரேல்லை, அதாலதான் இந்தப் பெரியவர் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்!"

என் கணவர் சேலைத்தலைப்பைப் பிடித்து இழுத்தார். குரோஷியாக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு உள்ளே போய், வைத்த வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டார். சரி, வேலைக்கும் ஆப்பு வைத்தாயிற்று என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை இடைவேளையில் அவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, வழக்கமான வெங்காயத்தை உரித்தார். பிறகுதான் வாயைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஊர் ஒலிவ் எண்ணெய்ப் போத்தலும் காய்ந்த அத்திப்பழமுமாக வீட்டுக்காரம்மாவிடம் போயிருக்கிறார். ஒவ்வொரு கோடையிலும் ஊரிலிருந்து வரும்போது அவருக்குக் கொண்டுவந்து கொடுப்பது அது.

"நீ சொன்னதை ராத்திரி முழுக்க யோசிச்சன். பஸ் வந்தது உண்மைதான். பிறகு நானும் சும்மா இருக்கேல்லை. வருசம் ஒரு போத்தல் எண்ணெயாத் தூது அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறன். இவன் எல்லாத்தையும் ஒரே நாளில அனுப்பிப்போட்டான்" என்றார்.

"அந்த அம்மா என்ன சொன்னவ?" சூடான்காரர் கேட்டார்.

"கூட வந்தவை இருக்கப் போறவை இல்லை, இவன் பிழை செய்தால் வெக்கப்பட இருக்கிற ஆக்கள் எண்டு விளங்கப்படுத்தினன். அவ யோசிச்சா. 'அவை எல்லாரும் வேற வேற இடத்தில. இந்தக் கட்டடத்தில ஆர் வெக்கப்படுறது?' எண்டு கேட்டா. நான் எண்டு சொன்னன்."

அவர் வெங்காயத்தை வெட்டி எங்கள் மூன்று பேருக்கும் பங்கு வைத்தார். "இன்னொண்டும் சொன்னவ. தன்ர மனுசனைப் பற்றி வருசக்கணக்கா ஒருத்தரும் கேக்கேல்லையாம். அந்தத் தலைப்பாகைக்காரர் பிறகும் வருவாரோ எண்டு கேட்டவ. உன்னைப் புதன்கிழமை வரட்டாம். தனிய! விளங்குதோ? தனிய!"

புதன்கிழமை தனியாகப் போனது உடுப்பில்லாமல் போனதுபோல இருந்தது என்று சூடான்காரர் பிறகு சொன்னார். ஆனால் வீடு கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே அந்த அமர்க்களத்தை! மாபிள் பதிக்கும் மகன் குளியலறையைப் புதிதாக்கிக் கொடுத்தான். எங்கள் ஆட்கள் கட்டிலும் மேசையும் கொண்டுவந்தார்கள். கணித ஆசிரியர் அலுமாரிப் பலகைகளைப் பொருத்தினார், அது கடைசிவரை ஒரு பக்கம் சரிந்தேதான் நின்றது. குரோஷியாக்காரர் ஒவ்வொரு மாடியிலும் நின்று, சத்தம் போடாதீர்கள் என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார்.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விசா வந்தபோது அடுத்த கோடை ஆகிவிட்டது. குரோஷியாக்காரரின் வான் வண்டியில் நாங்கள் டுசல்டோர்ஃப் விமான நிலையத்துக்குப் போனோம். சூடான்காரர், குரோஷியாக்காரர், என் கணவர், நான். மற்றவர்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். வழிமுழுக்கச் சூடான்காரர் தன் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

கண்ணாடிக் கதவு திறந்து அவர்கள் வந்தார்கள். மனைவி பெட்டி வண்டியை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூத்தவள் ஓடிவந்து தகப்பனின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சின்னவள் வரவில்லை. தாயின் துணியைப் பிடித்துக்கொண்டு, மீசைக்காரரைப் பார்த்தாள், என் கணவரைப் பார்த்தாள், பிறகு தகப்பனைப் பார்த்தாள். அக்காதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து அவர் முன்னால் விட்டாள்.

அவர் முழங்காலில் இருந்தார். தாய் சொல்லிக் கொடுத்தபடி சின்னவள் கை கொடுத்தாள். பிறகு அவரிடம் அரபியில் ஏதோ கேட்டாள். அவர் ஆம் என்று தலையை ஆட்டினார்.

"என்ன கேக்கிறாள்?" என்றார் குரோஷியாக்காரர்.

அவர் எழும்பவில்லை. குழந்தையின் கையைப் பிடித்தபடியே ஜெர்மனில் சொன்னார்.

"அந்த வீட்டில நீங்களும் எங்களோட இருப்பியளோ எண்டு என்னட்டைக் கேக்கிறாள்."