நீர்க்காகத்துக்கும் ஒரு வணக்கம்

என் கணவருக்கு ஒலிவாங்கியைக் கண்டால் கை சும்மா இராது. ஸ்கீவ என்கிற இந்த டேனிஷ் ஊரில் தமிழர் கூடுகிற எந்த விழாவானாலும் சரி, தொழிற்சாலை வேலை முடிந்து வந்து குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். வணக்கம் சொல்லி முடிக்கவே அவருக்குக் கால்மணி நேரம் வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டு மீனவர், ஊர்க்கூட்டத்தில் தனக்காக ஏதாவது பேச முடியுமா என்று கேட்டபோது இவர் உடனே ஓமென்றதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அந்த மனுஷன் டேனிஷ்காரர். ஃபியோர்டு என்கிற நீண்ட கடற்கழியில் கம்பு நட்டு வலை கட்டுபவர். எங்களூர்க் களங்கட்டி வலை மாதிரித்தான். வலைக்குள் அகப்படும் மீனை நீர்க்காகங்கள் தின்னும், தின்ன முடியாததைக் கொத்திப் பழுதாக்கும். பிறகு அதே கம்பில் ஏறி, கொடியில் காயப்போட்ட கோட்டு மாதிரிச் சிறகை விரித்துக்கொண்டு நிற்கும். அவற்றைச் சுட அனுமதி கிடைக்காவிட்டால் அந்த வருடத்தோடு வலையைச் சுருட்டிவிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். அவருக்கு வேறு தொழில் தெரியாது. எங்களுக்கும் அது சின்ன விஷயமில்லை. ஊரார் தொடாத சின்ன நண்டுகளையும் பொடி மீன்களையும் வாளியில் போட்டு எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். அதை நம்பித்தான் எங்கள் வீட்டில் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினோம்.

எங்கள் ஊரில் போர் முடிந்த வைகாசிக்கு அடுத்த மாதம் அது. இவருடைய அண்ணை குடும்பத்தோடு முகாமில் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி அப்போதுதான் வந்திருந்தது. மாதக்கணக்காக எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. இவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று டேனிஷில் பேசிப் பழகத் தொடங்கியதும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. குளியலறைக்கு வெளியே பிள்ளைகள் வரிசையில் நின்று டேனிஷிலேயே அவரைத் திட்டினார்கள்.

மண்டபத்தில் கோப்பியும் கேக்கும் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் மீனவர்கள், மறுபக்கம் பறவைப் பிரியர்கள், நடுவில் மணியோடு ஒரு பெண். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். இது இந்த மண்ணின் பறவை, மனிதருக்கு முன்பே இங்கே மீன் பிடித்தது என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். அதெல்லாம் கதை, அவை எங்கிருந்தோ வந்தவை, ஒன்றை விட்டால் சொந்தபந்தம் முழுவதையும் கூட்டிக்கொண்டு வரும், குஞ்சு பொரித்துத் தள்ளும், இருக்கிறதையெல்லாம் தின்று தீர்க்கும் என்றார் தூண்டில்காரர் ஒருவர். அந்த மண்டபத்தில் இருந்த தமிழர் நாங்கள் இருவர் மட்டும்தான். இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க நான் ஒரு பெரிய கேக் துண்டை வாய்க்குள் திணித்தேன்.

பிறகு இவரைக் கூப்பிட்டார்கள். மதிப்புக்குரிய தலைவி அவர்களே என்று தொடங்கினார். அலைகளோடு மல்லுக்கட்டும் மீனவப் பெருமக்களே என்றார். பறவைகளுக்காக இரங்கும் பெரியோர்களே, அதிகாலையில் எழுந்து கேக் சுட்ட தாய்மார்களே, எங்களை ஏற்றுக்கொண்ட இந்த நாடே, இந்தக் கூட்டத்துக்கு வர முடியாமல் போன நீர்க்காகங்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம் என்றார். மணி அடித்தது. விஷயத்துக்கு அவர் இன்னும் வரவேயில்லை. மண்டபமே சிரித்தது, இரண்டு பக்கமும் கை தட்டியது. எங்கள் பக்கத்து வீட்டு மீனவர் மேசையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்கக் குலுங்க உட்கார்ந்திருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. எனக்கென்றால் மானம் கப்பலேறியது.

கார்க் கதவைச் சாத்தியதும் இவரைப் பிடித்துக்கொண்டேன். நாலு மாதமாக வீட்டில் ஒரு வார்த்தை கதைக்காத மனுஷன், கதைக்க வேண்டிய இடத்தில் வணக்கம் சொல்லியே அந்தப் பாவியின் பிழைப்பைக் கெடுத்துவிட்டாரே என்று பொரிந்து தள்ளினேன். இவர் காரை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

“சுட வேணும் எண்டு சொல்லத்தான் போனனான். வாய் வரேல்லை. அதுதான் வணக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனன். இந்த வருசம் எனக்கு அந்தச் சொல் வராதப்பா.”

அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த அன்பு, கல்யாணம் கட்டிய நாளிலும் வந்ததில்லை.

அடுத்த நாள் வேலிக்கு அப்பால் நின்ற மீனவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன்னை யாரும் இதுவரை பெருமகன் என்று அழைத்ததில்லை என்று சொல்லி மறுபடியும் சிரித்தார். சுடு என்ற சொல் இவருக்கு வராத காரணத்தை நான் சொன்னதும் சிரிப்பு நின்றது. குனிந்து வலையைச் செப்பனிடத் தொடங்கினார். பிழையான நேரத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேனோ என்று எனக்கு உறுத்தியது.

மற்றவர்கள் பேசியது பலித்ததோ என்னவோ, கோடை முடியும்போது அவருக்கு அனுமதி கிடைத்தது. வலை தப்பியது. எங்கள் கூழும் தப்பியது. இவர் தன் பேச்சால்தான் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் விட்டுவிட்டேன்.

ஒரு பின்னேரம் மீனவர் எங்கள் கதவைத் தட்டினார். வாளியை வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர், கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“நாளை காலை சுடப்போகிறேன். பறவைகளைத்தான். சத்தம் கேட்டால் நான்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.”

எப்போதும் வணக்கத்தை அள்ளி இறைக்கிற மனுஷனுக்கு அன்றைக்கு ஒரு நன்றியைச் சொல்வதற்கே நேரம் பிடித்தது.

மறுநாள் விடிய எழும்பித் தேத்தண்ணி போட்டேன். இவரும் வந்து பக்கத்தில் நின்றார். ஃபியோர்டுப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. கறுப்பாக ஒரு கூட்டம் எழும்பி, வீட்டுக் கூரைக்கு மேலால் பறந்து போனது.

“அவர்தான்,” என்றார் இவர்.

“ஓம், அவர்தான்,” என்றேன்.

தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கப் போனபோதுதான், இவர் என் கையை இறுகப் பிடித்திருப்பது தெரிந்தது.